குழாயின் நடு எங்கே?

1959-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 24-ஆம் தேதி மாலை, ஜெனீவா நகரத்துக்கு வெளியே ஸெர்ன் ஸ்தாபனத்தின் கட்டுப்பாட்டு அறையில், வொல்ஃப்காங் ஷ்நெல் என்ற விஞ்ஞானி, நெஸ்கஃபே டப்பா ஒன்றினுள் தாம் கட்டி வைத்திருந்த ஒரு மின்சுற்றை, பிறந்து சில வாரங்களே ஆகி இன்னும் நடக்கப் பழகாதிருந்த ஒரு மாபெரும் யந்திரத்தோடு இணைத்தார். 628 மீட்டர் சுற்றளவுள்ள அந்தப் புரோட்டான் முடுக்கியில், துகள்கள் ஓரளவு ஆற்றல் பெறும்வரை ஒழுங்காகச் சுற்றிவந்து, ஒரு குறிப்பிட்ட கட்டத்தை அடைந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துகொண்டிருந்தன. காரணம் தெரியாத மர்மம் அல்ல அது. வேகம் குறைந்திருக்கும்வரை ஆற்றல் கூடிய துகள் தன் சுற்றை முந்தி முடிக்கிறது. ஒளியின் வேகத்தை நெருங்கிய பிறகோ, வேகம் மேலும் கூட இடமில்லாமல், ஆற்றல் கூடியது வெளிப்புறமாக நீண்ட வழி சென்று பிந்தி வருகிறது. முந்துவது பிந்துவதாக மாறும் அந்தச் சந்தியில், துகளை உந்தும் மின்னலையின் தருணத்தையும் சட்டென்று மாற்றிக் கொடுத்தாக வேண்டும். எப்போது, எவ்வளவு என்பதைச் சுற்றிவரும் துகள்களின் கூட்டமாகிய கற்றையிடமே கேட்டுவிடலாம் என்பது உபாயம். கற்றை தான் ஓடும் குழாயில் உள்பக்கம் ஒதுங்குகிறதா வெளிப்பக்கம் ஒதுங்குகிறதா என்ற சமிக்ஞையைக் கொண்டு அலையின் தருணத்தை ஆள்வது, சந்தியைக் கடக்கும் கணத்தில் அதன் குறியைத் தலைகீழாக்குவது என்று ஏற்பாடு. குறியைத் திருப்பும் பகுதிதான் டப்பாவுக்குள் இருந்தது. அன்றிரவே கற்றை 2,400 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலை எட்டியது. அதற்கு முன் உலகில் மனிதன் கட்டிய எந்த யந்திரமும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து அங்கே உடனிருந்த ஹில்ட்ரெட் புளூவெட் அம்மையார் அந்த மாலையின் விருத்தாந்தத்தை எழுதி வைத்திருக்கிறார். ருஷ்யாவில் துப்னா நகரத்து யந்திரத்தின் 1,000 கோடியைத் தாண்டினால் அருந்துங்கள் என்று அந்த ஊரார் முன்னமே கொடுத்திருந்த வோட்கா புட்டி காலியாகி, உள்ளே அலையுருவின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஊர் திரும்பியதும் அந்தச் சரித்திரத்தைச் சேர்ந்ததே.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் டப்பாவைச் சொல்லிச் சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ டப்பாவைவிட, அதற்குள் வந்து சேர்ந்த சமிக்ஞை சுவையாகத் தோன்றுகிறது. காற்றே இல்லாத உலோகக் குழாய்க்குள், கண்ணுக்குத் தெரியாமல், வினாடிக்குப் பல லட்சம் தடவை வட்டமிடும் ஒரு புரோட்டான் மந்தை, குழாயின் நடுவிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் விலகி நிற்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் மற்றதெல்லாம் நடந்திருக்கிறது. அப்படிச் சொல்லும் கருவிக்குக் கற்றை நிலைகாட்டி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் அதைப் பிக்-அப் என்கிறார்கள், அமெரிக்கர்கள் பி.பி.எம். என்று மூன்றெழுத்தில் சுருக்கிவிட்டார்கள். அதன் வார்த்தையை எந்த அளவுக்கு நம்பலாம், அதற்குச் சாட்சி யார் என்று விசாரித்து நிர்ணயிக்கும் வேலைக்கே ஒரு தனிச் சரித்திரம் உண்டு. யந்திரங்களைப் பற்றிய பெரிய புத்தகங்களில் அது இரண்டொரு பக்கங்களுக்கு மேல் இடம் பெறுவதில்லை.

ஆதியில் இந்தக் கேள்விக்கே அவசியம் நேரவில்லை. 1930-களில் பெர்க்லியில் லாரன்ஸும் அவருடைய சகாக்களும் சைக்ளோட்ரான் கட்டிய காலத்தில் கற்றையைப் பார்ப்பதென்றால் கண்ணால் பார்ப்பதுதான். 1939-இல் அங்கே 60 அங்குல யந்திரத்திலிருந்து மெல்லிய தகட்டின் வழியே காற்றில் வெளிப்பட்ட கற்றை நீலமாக ஒளிர்ந்த புகைப்படத்தை இன்றும் பாடப் புத்தகங்களில் காணலாம். 1947-இல் நியூயார்க் மாகாணத்து ஷெனக்டடியில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் கட்டிய சிறிய சிங்க்ரோட்ரானின் வெற்றிட அறை கண்ணாடியால் ஆனது; வட்டமிடும் எலெக்ட்ரான்கள் தாமாகவே உமிழ்ந்த வெளிச்சம் அதன் வழியே தெரிந்துவிட்டது. கற்றை எங்கே இருக்கிறதென்று கற்றையே விளக்கேற்றிக் காட்டியது என்று சொல்ல வேண்டும். புரோட்டான்கள் அவ்விதம் தயவு காட்டுவதில்லை. அவற்றின் வழியில் பாஸ்பரம் பூசிய திரையை வைத்தால் ஒளிப்பொட்டு தெரியும். ஆனால் திரையில் மோதிய கற்றை அத்தோடு தீர்ந்தது. வழிப்போக்கனை நிறுத்தி வைத்து நீ எவ்வளவு வேகமாகப் போகிறாய் என்று கேட்பதற்கு ஒப்பான விசாரணை அது.

போதாததற்கு, அக்காலத்துக் குழாய்கள் குழாய்களாகவும் இல்லை. கற்றையைக் கட்டுக்குள் வைக்கும் காந்தங்களின் பிடி தளர்ந்திருந்தபடியால், துகள்கள் அகலமாக அலைந்து திரிய இடம் விட்டே கட்டினார்கள். பெர்க்லியின் பெவட்ரானுக்கு முதலில் போட்ட திட்டத்தில் காந்தங்களின் இடைவெளி 4 அடி உயரமும் 14 அடி அகலமும் கொண்டிருந்தது. ஜீப் வண்டியையே அதற்குள் ஓட்டிப் போகலாம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள். கட்டி முடித்தபோது அது 1 அடிக்கு 4 அடியாகக் குறைந்தது என்றாலும், அவ்வளவு விசாலமான மண்டபத்தில் கற்றை அரை அங்குலம் இப்படி அப்படி நின்றால் யார் கவலைப்படப் போகிறார்கள்? துப்னாவின் யந்திரம் 36,000 டன் உருக்கை விழுங்கியதும் இந்த விசாலத்தின் விலைதான்.

1952-இல் புரூக்ஹேவனில் குராண்ட், லிவிங்ஸ்டன், ஸ்னைடர் மூவரும், காந்தங்களை மாறி மாறி எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தால் கற்றையை இறுகப் பிடித்து நூல்போல் மெலியச் செய்யலாம் என்று கண்டுபிடித்தபோது நிலைமை அடியோடு மாறிற்று. ஆதென்ஸ் நகரத்தில் மின்தூக்கி கம்பெனியில் எஞ்சினீயராக இருந்த கிறிஸ்டோஃபிலோஸ் என்பவர், யாருடைய உதவியும் இல்லாமல் அதையே சிந்தித்து 1950-இலேயே உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பித்திருந்தார் என்பது பிற்பாடு தெரியவந்து, புரூக்ஹேவன்காரர்கள் அவருடைய முதன்மையை ஒப்புக்கொண்டு அவரைத் தங்களிடமே அழைத்துக்கொண்டார்கள். பெரியோர் செய்த காரியம். அதன் பயனாக ஸெர்ன் யந்திரத்தின் குழாய் 14 சென்டிமீட்டர் அகலமும் 7 சென்டிமீட்டர் உயரமுமாகச் சுருங்கியது. மண்டபம் சந்தாகிவிட்டது, நடு எது, ஓரம் எது என்று அறிந்து நடந்தாலொழியச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நிலைகாட்டியின் சூட்சுமம் எளிது. மின்னேற்றமுள்ள கற்றை குழாயில் போகும்போது, குழாய்ச் சுவரின் உட்புறத்தில் அதற்கு எதிரான மின்னேற்றம் நிழல்போல் உடன் ஓடுகிறது. கற்றை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கத்து நிழல் அடர்கிறது, எதிர்ப்பக்கத்து நிழல் வெளிறுகிறது. சுவரில் வலமும் இடமும் இரண்டு தகடுகளைச் சுவரோடு தொடாமல் பதித்து வைத்தால், நிழலின் அடர்த்தியை அவை மின்னழுத்தமாகச் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துவிட்டால் கற்றையில் துகள்கள் மிகுதியா குறைவா என்ற சங்கதி அடிபட்டுப்போய், எந்தப் பக்கம் எவ்வளவு என்பது மட்டும் மிஞ்சும். அந்த மிச்சத்தை எதனால் பெருக்கினால் மில்லிமீட்டர் வரும் என்பதுதான் அளவு நிர்ணயத்தின் முதற்கேள்வி. 20 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருண்டைக் குழாயில் எதிரெதிராகப் பொத்தான் போன்ற இரண்டு சிறு தகடுகள் வைத்திருந்தால், கற்றை 1 மில்லிமீட்டர் நகரும்போது வித்தியாசம் கூட்டுத்தொகையில் பத்தில் ஒரு பங்காகும் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. ஆகவே பெருக்க வேண்டிய எண் 10 மில்லிமீட்டர். ஆனால் கணக்கில் வரும் குழாய் பட்டறையில் வருவதில்லை. இரண்டு பொத்தான்களில் ஒன்றின் சமிக்ஞையை வலுப்படுத்தும் பெருக்கி மற்றதைவிட நூற்றுக்கு ஒன்று உரக்கப் பேசினால், நட்டநடுவில் நிற்கும் கற்றை 50 மைக்ரான் தள்ளி நிற்பதாகப் பொய்ச் செய்தி வரும். நடுவை விட்டு வெகுதூரம் விலகினாலோ கோடு நேராக இராமல் வளைந்துவிடும்.

பழைய புரோட்டான் யந்திரங்களில் இந்த வளைவை வெல்லப் பட்டறைக்காரர்கள் அழகான யுக்தி ஒன்றைக் கையாண்டார்கள். நீண்ட உலோகப் பெட்டியை மூலைவாட்டாகக் குறுக்கே அறுத்து இரண்டு துண்டாக்கிவிட்டால், கற்றை ஒரு பக்கம் நகர நகர ஒரு துண்டினுள் அது கடக்கும் நீளம் கூடி, மற்றதினுள் அதே அளவு குறையும். வித்தியாசம் எங்கும் நேர்க்கோடாகவே இருக்கும். செருப்புப் பெட்டி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வகுத்துத் திருத்த வேண்டியதை வெட்டும்போதே திருத்திவிடும் அந்தப் புத்தியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் பிற்காலத்தில் கற்றைகள் மிகக் குறுகிய கொத்துகளாக ஓடத் தொடங்கியபோதும், எலெக்ட்ரான் வளையங்களில் இடம் நெருக்கடியானபோதும், பெரிய பெட்டிகள் ஒத்துவரவில்லை. சட்டைப் பொத்தான் அளவுக்கு நான்கு வட்டத் தகடுகள் அவற்றின் ஸ்தானத்துக்கு வந்தன. கூடவே வளைந்த கோடும் வந்தது.

வளைந்த கோட்டை வரைந்து பார்த்துவிட வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் கம்பி மேடையைக் கட்டினார்கள். இந்தத் தொழிலின் தச்சுக்கூடம் என்று அதைச் சொல்லலாம். நிலைகாட்டியை யந்திரத்தில் பொருத்துமுன் ஒரு மேடையில் நிறுத்தி, அதன் நடுவே மெல்லிய கம்பி ஒன்றை விறைப்பாக இழுத்துக் கட்டி, கம்பியில் உயர்ந்த அதிர்வெண்ணுள்ள மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். பிறகு திருகு ஒன்றைச் சுழற்றிக் கம்பியையோ நிலைகாட்டிப் பெட்டியையோ அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் நான்கு பொத்தான்களும் சொல்வதைக் குறித்துக்கொள்கிறார்கள். கம்பி நின்ற இடங்களைச் சதுரக் கட்டமாக வரைந்து, நிலைகாட்டி சொன்ன இடங்களை அதன்மேல் வரைந்தால், நடுவில் சதுரமாகவும் ஓரங்களில் தலையணையின் மூலைகள்போல் இழுபட்டும் ஒரு கோலம் விழுகிறது. அந்தக் கோலத்தை மறுபடி சதுரமாக்கும் சூத்திரமே அந்த நிலைகாட்டியின் ஜாதகம்.

கம்பியில் ஓடும் மின்னோட்டம் எப்படிக் கற்றைக்குப் பிரதிநிதியாகும் என்று வாசகர் கேட்கலாம், கேட்க வேண்டும். ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும் துகளின் மின்புலம், நான்கு பக்கமும் உருண்டையாகப் பரவாமல், ஓடும் திசைக்குச் செங்குத்தாக அப்பளம்போல் தட்டையாகிவிடுகிறது. கம்பியைச் சுற்றி ஓடும் மின்னலையின் புலமும் ஏறத்தாழ அதே வடிவந்தான். ஆகவே பொத்தானுக்குக் கற்றைக்கும் கம்பிக்கும் வித்தியாசம் தெரியாது. மெதுவாகப் போகும் புரோட்டான் கற்றைக்கு இந்தச் சமானம் பொருந்தாது. அப்பளம் அங்கே உப்பி உருண்டுவிடும். அமெரிக்கரான ராபர்ட் ஷேஃபர் 1989-இல் எழுதிய பாடக் கட்டுரை, வேகம் குறைந்த கற்றைக்குச் செய்ய வேண்டிய திருத்தத்தையும் சேர்த்து இந்த வித்தை முழுவதையும் ஒழுங்குபடுத்திக் கொடுத்தது. இன்றும் புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

கம்பி மேடையில் பொறுமைக்கே பரீட்சை. கம்பி எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் தன் பாரத்தால் சிறிது தொய்யும்; யாராவது கதவைத் திறந்தால் அதிரும்; அறையின் சூடு மாறினால் மேடையே வளரும். இவ்வளவையும் கடந்து மைக்ரான் கணக்கில் ஜாதகம் கணித்து முடித்த பின்பும், பெட்டியைக் கழற்றி யந்திரம் இருக்கும் சுரங்கத்துக்குக் கொண்டுபோய், காந்தத்தின் பக்கத்தில் பற்றவைத்து, நூறு மீட்டர் கேபிள் இழுத்து, வேறொரு பெருக்கியில் மாட்டிய மாத்திரத்தில் அந்த ஜாதகத்தில் பாதி பொய்த்துவிடுகிறது. மணமகனைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு குடும்பத்தையே மாற்றிவிட்டதுபோல. பெர்க்லியில் லாம்பர்ட்சன் என்பவர் 1987-இல் இதற்கு ஒரு மாற்று சொன்னார்: கம்பியே வேண்டாம், நான்கு பொத்தான்களில் ஒன்றில் சமிக்ஞையைப் புகுத்தி மற்ற மூன்றில் அது எவ்வளவு கேட்கிறதென்று பாருங்கள், இப்படி முறைவைத்து நான்கையும் ஒன்றையொன்று விசாரித்தால் எவன் உரக்கப் பேசுகிறவன், எவன் முணுமுணுப்பவன் என்பது வெளிப்பட்டுவிடும் என்றார். நான்கு பேரும் ஒரே குழாயில் சமச்சீராக உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற ஒரே ஒரு நம்பிக்கைதான் அதற்கு வேண்டிய மூலதனம்.

பெருக்கிகளின் பொய்க்கு மருந்து வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. பொன் நிறுக்கும் பத்தர், தராசின் இரு கைகளும் சமந்தானா என்று சந்தேகம் வந்தால், பொன்னையும் கல்லையும் தட்டு மாற்றி வைத்து நிறுத்துப் பார்ப்பார். தராசின் கோணல் இரண்டாம் முறை எதிர்ப்பக்கமாக வந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். புரூக்ஹேவனில் சிங்க்ரோட்ரான் ஒளிக்காகக் கட்டிய வளையத்தில் 1980-களின் இறுதியில் கையாண்ட வழி ஏறத்தாழ இதுவே. நான்கு பொத்தான்களுக்கு நான்கு பெருக்கிகள் வைத்து நான்கையும் சமப்படுத்த அல்லாடுவதைவிட, ஒரே பெருக்கியை வைத்து, பொத்தான்களை ஒன்றன்பின் ஒன்றாக விரைவாக அதனோடு இணைத்து விடுவித்துக்கொண்டே இருந்தால், பெருக்கி காலையில் ஒரு விதமும் மாலையில் ஒரு விதமும் பேசினாலும், நான்கு பேரிடமும் ஒரே விதமாகவே பேசும். வகுக்கும்போது அது கழிந்துபோகும். மெல்லிய எலெக்ட்ரான் கற்றையை நாள் முழுதும் அசையாமல் நிறுத்திவைத்து, அதன் ஒளியைப் பத்திருபது ஆராய்ச்சியாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய இடத்தில், இந்தச் சிறு யுக்தி செய்த உபகாரம் பெரிது.

இவ்வளவும் ஆன பிறகு ஆதாரமான சந்தேகம் ஒன்று அப்படியே நின்றது. நிலைகாட்டி காட்டும் பூஜ்யம் நிலைகாட்டியின் நடு. கற்றைக்கு வேண்டியது அதுவல்ல; காந்தத்தின் நடு. கற்றையை இறுகப் பிடிக்கும் நாற்துருவக் காந்தத்தில், சரியாக நட்டநடுவில் காந்தப்புலமே கிடையாது. அங்கே போகும் கற்றையை அது தொடாமல் விடுகிறது. நடுவை விட்டு விலகிப் போகும் கற்றையை மட்டும், விலகிய தூரத்துக்கு ஏற்றபடி திருப்பி விடுகிறது. இரும்புக்குள்ளே, கைக்கும் கண்ணுக்கும் எட்டாத அந்த நடுவை, பக்கத்தில் பற்றவைத்த பெட்டியின் நடுவோடு எந்தத் தூக்குக்குண்டு கொண்டு ஒப்பிடுவது? நில அளவைக்காரர்கள் தூரநோக்கிகளோடு சுரங்கத்தில் இறங்கித் தங்களால் ஆனதைச் செய்தார்கள். எஞ்சிய பிழை சில நூறு மைக்ரான் என்றாலும் புதிய யந்திரங்களுக்கு அது அதிகம்.

விடை காந்தத்தின் சுபாவத்திலேயே ஒளிந்திருந்தது. காந்தத்தின் பலத்தைச் சற்றே கூட்டிக் குறைத்துப் பாருங்கள்: கற்றை நடுவை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தால், திருப்பத்தின் அளவு மாறி, வளையம் முழுவதும் பாதை நெளியும், நடுவிலேயே போய்க்கொண்டிருந்தால் ஒன்றுமே நடக்காது. ஆகவே கற்றையை மெல்ல மெல்ல நகர்த்தி, காந்தத்தை ஆட்டினாலும் அது ஆடாமல் போகும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அந்த நேரத்தில் பக்கத்து நிலைகாட்டி என்ன சொல்கிறதோ அதைக் குறித்துக்கொண்டால், அதுவே அந்த நிலைகாட்டி இனி கழித்துக்கொள்ள வேண்டிய பொய். கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கியில், எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்ட 1989-ஐ ஒட்டிய ஆண்டுகளில், 3 கிலோமீட்டர் நீளமுள்ள வரிசையைக் கற்றையைக் கொண்டே நேராக்கும் முறைகள் உருவாயின. 1990-களில் சுவீடன் தேசத்து லுண்ட் நகரிலும் ஸெர்னிலும் வளையங்களுக்கு ஏற்றபடி அவை வளர்ந்தன. ஸெர்னின் 27 கிலோமீட்டர் எலெக்ட்ரான் வளையமாகிய லெப்-பில், சுமார் 500 நிலைகாட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஆயுள் போதாதென்று, பல காந்தங்களை ஒரே சமயத்தில் வெவ்வேறு அதிர்வெண்ணில் மிக லேசாக ஆட்டி, கற்றையின் நடுக்கத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு கலந்திருக்கிறதென்று பிரித்துக் கேட்டார்கள். பல வாத்தியங்கள் சேர்ந்தொலிக்கும் கச்சேரியில் சுருதி விலகியது எதுவென்று காது பிரித்தறிவது போன்ற வித்தை.

அளக்கப்பட வேண்டிய பொருளே அளவுகோலாக மாறிய இந்தத் திருப்பத்தைத்தான் நான் இந்தச் சரித்திரத்தின் மையமாகக் கருதுகிறேன். கம்பி மேடையின் காலத்தில் நிலைகாட்டி குரு, கற்றை மாணாக்கன். குரு சொன்ன இடத்தில் கற்றை நிற்க வேண்டும். காந்தத்தை ஆட்டிப் பார்த்த நாளிலிருந்து மாணாக்கன் குருவைத் திருத்தத் தொடங்கினான். 1997-இல் புரூக்ஹேவனில் ஜேம்ஸ் சஃப்ரனெக் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். திருப்பு காந்தங்களை ஒவ்வொன்றாக ஒரு சிறு தட்டு தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் எல்லா நிலைகாட்டிகளும் சொல்வதைப் பெரிய அட்டவணையாக்கி, யந்திரத்தின் கணித உருவத்தில் காந்தங்களின் பலம், தட்டின் அளவு, நிலைகாட்டிகளின் பெருக்கெண் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரே காலத்தில் திருத்திக்கொண்டே போய், கணக்கும் அட்டவணையும் ஒத்துவரும் இடத்தில் நிறுத்துவது அவருடைய முறை. லோகோ என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது. நம் தேசத்தில் இந்தூர் நகரத்தில், 172 மீட்டர் சுற்றளவும் 56 நிலைகாட்டிகளும் கொண்ட இண்டஸ்-2 ஒளி வளையத்திலும் அதையே பிரயோகித்தார்கள்.

எல்லோரும் எல்லோரையும் திருத்தும் இந்தப் பஞ்சாயத்தில் ஓர் ஓட்டை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலைகாட்டிகள் யாவும் நூற்றுக்கு ஐந்து மிகைப்படுத்திச் சொல்லி, தட்டுகள் யாவும் நூற்றுக்கு ஐந்து குறைந்திருந்தால், அட்டவணை அநேகமாக மாறாது. ஊரில் உள்ள மரக்கால்கள் எல்லாம் ஒரே அளவுக்குக் குறைந்திருந்தால் சந்தையில் சண்டையே வராதல்லவா? வெளியூர் மரக்கால் ஒன்று வந்தால்தான் குட்டு உடையும். இங்கே அந்த வெளியூர்க்காரன் அதிர்வெண். கற்றையை உந்தும் மின்னலையின் அதிர்வெண்ணைத் தெரிந்த அளவு மாற்றினால் பாதை தெரிந்த அளவு விலகும். அதிர்வெண்ணோ பத்துக் கோடியில் ஒன்று பிசகாமல் அளக்கக்கூடியது. அந்த அட்டவணையையும் சேர்த்துக்கொண்டால் ஓட்டை ஓரளவு அடைபடுகிறது.

லெப்-பைப் பற்றிப் பேசும்போது சந்திரனை விட்டுவிட முடியாது. கடலை இழுப்பதுபோல் சந்திரன் பூமியின் பாறைகளையும் இழுக்கிறது; பௌர்ணமியை ஒட்டி ஜெனீவாவின் நிலம் இருபத்தைந்து சென்டிமீட்டர்வரை எழும்பித் தாழ்கையில், 27 கிலோமீட்டர் வளையம் ஒரு மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. கற்றையின் பாதை நீளத்தை அதிர்வெண் கட்டிப்போட்டிருப்பதால், வளையம் நீண்டாலும் பாதை நீளாது. காந்தங்கள் வெளியே நகர, கற்றை அவற்றின் நடுவை விட்டு உள்ளே ஒதுங்கும். ஒதுங்கிய கற்றையின் ஆற்றல் மாறும். 1992 நவம்பரில் ஒரு பௌர்ணமியின்போது ஸெர்ன்காரர்கள் கற்றையின் ஆற்றலை இடைவிடாமல் அளந்து, அது சந்திரனோடு ஏறி இறங்குவதைக் கண்டார்கள். பிற்பாடு நிலைகாட்டிகள் எல்லாவற்றின் சராசரியை எடுத்துக்கொண்டு, ஜெனீவா ஏரியில் நீர் ஏறி இறங்குவதாலும் மழையாலும் வளையம் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்குவதையும் தொடர்ந்து குறித்துவந்தார்கள். தனித்தனியே ஒவ்வொரு நிலைகாட்டியும் சந்திரன் நகர்த்துவதைவிடப் பெரிய பொய் சொல்லக்கூடியதுதான். ஆனால் நேற்றும் இன்றும் அதே பொய்யைச் சொல்லும் சாட்சி, நேற்றுக்கும் இன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை உண்மையாகவே சொல்லிவிடுகிறான்.

அதே வளையத்தில் 1996-இல், ஓய்வுக்காலம் முடிந்து யந்திரத்தைத் தொடங்கியபோது, கற்றை ஒரு சுற்றுகூட வரவில்லை. ஒரு திசையில் பாசிட்ரான்களையும் எதிர்த்திசையில் எலெக்ட்ரான்களையும் விட்டுப் பார்த்து, எது எந்த நிலைகாட்டிவரை வந்து மடிகிறதென்று ஆராய்ந்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் குழாயைத் திறந்தால், உள்ளே காலியான இரண்டு பீர் புட்டிகள் கிடந்தன. வைத்தவர் யார் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை.

லெப் இருந்த சுரங்கத்திலேயே அதற்குப் பின் கட்டிய பெரிய ஹேட்ரான் மோதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலைகாட்டிகள் உண்டு. அவை கற்றையைக் காணுமுன்பே வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டன. 2007-இல், உறைகுளிரிலிருந்து ஒரு பகுதியைச் சூடேற்றியபோது, குழாய்த் துண்டுகளை இணைக்கும் மெல்லிய உலோக விரல்களில் சில மடங்கி வழியை அடைத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. எந்த இணைப்பில் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் வெட்டிப் பார்க்க முடியுமா? 34 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் பந்து ஒன்றுக்குள் 40 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிபரப்பும் சிறு கருவியை வைத்து, காற்றோட்டத்தால் குழாய்க்குள் உருட்டிவிட்டார்கள். சுமார் 53 மீட்டருக்கு ஒன்றாக இருந்த நிலைகாட்டிகள், வருங்காலக் கற்றைக்குப் பதில் இந்தப் பந்து தங்களைக் கடப்பதை ஒவ்வொன்றாக அறிவித்தன. அறிவிப்பு எங்கே நின்றதோ, அங்கே பந்து சிக்கியிருக்கிறது. கம்பி கற்றைக்குப் பிரதிநிதியானதுபோல், பந்தும் ஒரு நாள் பிரதிநிதியாயிற்று.

2008 செப்டம்பர் 10-ஆம் தேதி கற்றை முதன்முதலாக அந்த வளையத்தைச் சுற்றி வந்தது. அதன்பின் சில வருஷங்கள் அந்த யந்திரத்தின் நிலைகாட்டிகள், காரணம் எளிதில் பிடிபடாத ஒரு சஞ்சலத்தைக் காட்டின. கற்றை அசையாதபோதும் அது பல மைக்ரான்கள் நகர்ந்துவிட்டதாகச் சொல்லின. ஆராய்ந்தால், சந்திரனும் இல்லை, ஏரியும் இல்லை. சமிக்ஞையைப் பரிசீலிக்கும் மின்னணுப் பெட்டிகள் இருந்த அறையின் சூடு பகலில் ஏறி இரவில் இறங்கிக்கொண்டிருந்தது. சூட்டுக்குத் தக்கபடி எண்களைக் கணக்கில் திருத்திப் பார்த்தார்கள், திருப்தியாக இல்லை. கடைசியில் அந்தப் பெட்டிகளைத் தண்ணீரால் குளிர்வித்து ஒரே சூட்டில் வைத்திருக்கும் அலமாரிகளுக்குள் வைத்துப் பூட்டினார்கள்.